புகைக் குழாயும் காணாமல் போன நம்பரும்

வைத்தியரிடம் வயிற்றைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொள்கிற மனிதன், கராஜில் பொனட்டைத் திறந்துவிட்டால் மட்டும் இமை கொட்டாமல் பக்கத்திலேயே நிற்பான். அதுதான் எங்கள் தொழில். துணி வாங்கித் தைக்கிறவர்களுக்கும், தங்கம் வாங்கி உருக்குகிறவர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும். அடுத்தவன் பொருளைக் கையில் வாங்குகிற நம் எல்லோருக்கும் தலையெழுத்து ஒன்றுதான். வாங்கிய நிமிஷத்திலிருந்து நாம் பாதித் திருடன். மீதிப் பாதி, பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் பார்க்கிற பார்வையில் சேர்ந்துவிடும்.

மாத்தளை டவுனிலிருந்து அலுவிகாரைப் பக்கம் போகிற ரோட்டில், தகரக் கூரையும் ஒரு பலா மரமுமாக எங்கள் கராஜ் இருந்தது. நானும் காசிம் நானாவும் கூட்டு; நானா என்றால் முஸ்லிம்கள் பக்கத்தில் அண்ணன். உலக யுத்த காலம். கப்பலில் சாமான் வருவது நின்றுபோய், பழைய லொறிகளைப் பிடித்துவைத்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தோம். சந்தேகத்துக்கு மட்டும் அப்போது தட்டுப்பாடு கிடையாது. அதற்கு ஒரே ஒரு லொறியின் கதை போதும்.

இரத்தோட்டைப் பெருமாளுடைய சின்ன லொறி அது. பெருமாள் தோட்டத்து டிரைவராக இருந்தவன். துரை புது வண்டி எடுத்தபோது பழையதை இவனே வாங்கிக்கொண்டான். பெண்சாதி செல்லம்மாவின் தோடும் மூக்குத்தியும் அதில் போயிற்று. மிளகும் ஏலமும் கொக்கோவும் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுவந்து பிழைத்தார்கள். லொறி போனால் பழையபடி தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி, ஏதாவது ஒரு துரை வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அந்தப் பயம் அவன் முகத்தில் எப்போதும் இருக்கும்.

வயிற்றில் புகை

முதல் தடவை அவன் வந்தது புகைக்காக. பின்னால் சைலன்சரில் அல்ல, எஞ்சினுக்கு அடியில். அந்தக் காலத்து எஞ்சின்களில் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் இறங்கிக் கீழ்நோக்கித் தொங்கும். பிஸ்டன் ஓரமாக நழுவி வருகிற புகை, ஆயில் நிற்கும் அடிவயிற்றில் தங்கிவிடாமல் வெளியே போவதற்கான வழி அது. வண்டி ஓடும்போது காற்றே அதை இழுத்துக்கொண்டு போய்விடும். நின்றால் கொஞ்சம் மேலே எழும்பும். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சின் என்றால் கொஞ்சம் கூடுதலாக எழும்பும்.

இதைப் பெருமாளுக்கு நிதானமாக விளக்கினேன். "எஞ்சின் மூச்சு விடுது பெருமாள், வேற ஒண்ணும் இல்ல. ரிங் தேஞ்சிருக்கு. இப்பவே மாத்த வேணாம், ஆனா அந்தக் குழாய் மேல கைய வைக்காத" என்றேன். அவன் குனிந்து குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எதிரே தகரம் அடித்துக்கொண்டிருந்த காசிம் நானாவைப் பார்த்தான். இரத்தோட்டையில் இன்னொரு லொறிக்காரன் இருந்தான். பெருமாளுடைய மிளகு மூட்டைகள் மீது அவனுக்கு ஒரு கண் என்று ஊரே சொல்லும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? பெருமாள் என் காதருகே வந்து குரலைத் தணித்துக்கொண்டான்.

"பொகை பின்னால வந்தா எஞ்சினு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் பாஸ். வயித்துல வந்தா எவனோ செய்வினை வச்சிருக்கான்னு அர்த்தம்."

மஞ்சள் துணி

'பாஸ்' என்றால் எங்கள் பக்கத்தில் முதலாளி இல்லை. தச்சனோ கொத்தனோ மெக்கானிக்கோ, கைவேலைக்காரன் எவனுக்கும் அந்தப் பட்டம் உண்டு. பட்டத்தோடு பழியும் இலவசம். கொஞ்ச நாளில் பெருமாள் திரும்பி வந்தான். வந்தான் என்பதைவிட, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேட்டில் கிளச் வழுக்குகிறது, எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. பொனட்டைத் திறந்தால் உள்ளே எண்ணெய் அபிஷேகம் நடந்த மாதிரி இருந்தது. ஆயில் மட்டம் பார்க்கிற கம்பி எகிறி வெளியே கிடந்தது. ஒட்டுக்கு ஒட்டு ஆயில் வழிந்து, பின்பக்கமாகக் கிளச்சுக்குள்ளும் போயிருந்தது. "நீங்க கடைசியாத் தொட்ட பொறகுதான் இப்பிடி" என்று பெருமாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். மூச்சுக் குழாயின் வாயில் மஞ்சள் துணி ஒன்று இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது. உள்ளே எலுமிச்சம்பழம், வேப்பிலை, ஏதோ தகடு. செய்வினைக்கு எதிராகப் பூசாரி கட்டிக்கொடுத்த காவலாம். புகை வருகிற வாசலிலேயே வைத்துவிட்டான். போக வழியில்லாத புகை உள்ளே முட்டி, ஆயிலைக் கிடைத்த சந்து வழியாகவெல்லாம் தள்ளிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. நான் துணியைப் பிடித்து இழுத்து எடுத்து அவன் காலடியில் போட்டேன். பெருமாள் துள்ளி அப்பால் போனான். பிறகு, ஏதோ பெரிய பாரம் இறங்கிய மாதிரி மூச்சு விட்டான்.

"எடுத்தவன் தலையிலதான் விடியும்னு பூசாரி சொன்னாரு. அதான் நான் கைய வைக்காம ஒங்ககிட்ட கொண்டாந்தேன் பாஸ்."

சுண்ணாம்புப் புள்ளி

கிளச்சைக் கழற்றவேண்டும். எப்படியும் கழற்றுகிறோம், ரிங்கையும் மாற்றிவிடலாம் என்று பலா மரக் கிளையில் சங்கிலி போட்டு எஞ்சினை வெளியே தூக்கி வைத்தோம். அதன் பக்கத்தில் அதே ஜாதி எஞ்சின் இன்னொன்று கிடந்தது. கலேவெலையில் காய்கறி வியாபாரம் செய்கிற சிங்கள முதலாளியுடையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் வினை. மறுநாள் காலையிலேயே செல்லம்மா சோற்றுப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். புருஷன் மிளகு மூட்டைக்கு மாட்டுவண்டி தேடிப் போயிருக்க, இவள் காவல். நாங்கள் ஒவ்வொரு சாமானாகக் கழற்றிக் கீழே வைக்க, அவள் இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றிலும் விரலால் ஒரு புள்ளி வைத்தாள். நல்ல எஞ்சினைக் கலேவெலைக்காரருக்குப் பூட்டிவிட்டு, தேய்ந்ததை இவர்கள் தலையில் கட்டிவிடுவோமாம்.

நான் என் வேலையைப் பார்த்தேன். தடுத்தால் அதுவும் சந்தேகம். வழக்கம்போல எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டுத் தேய்த்துக் கழுவிச் சாக்கில் பரப்பினேன். செல்லம்மா வெற்றிலை வாங்கப் போயிருந்தவள், திரும்பி வந்து சாக்கைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு சாமானிலும் புள்ளி இல்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் அழுக்கோடு சுண்ணாம்பும் போகத்தான் செய்யும் தங்கச்சி என்றேன். அழுக்கு போகும், அடையாளம் எப்படிப் போகும் என்று கேட்டாள். காசிம் நானா அவளுக்காகவே ஒரு இரும்புத் துண்டில் சுண்ணாம்பு தடவி, சட்டியில் முக்கித் தேய்த்து எடுத்துக் காட்டினார். அவள் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப எனக்கு ஒங்க ரெண்டு பேரு மேல மட்டும் இல்லண்ணே, அந்த மண்ணெண்ணெ மேலயும் சந்தேகம்."

நல்ல மனுஷனுக்கு ஒரு புள்ளி

கலேவெலை முதலாளி அப்படிப்பட்டவர் இல்லை என்று நினைத்து ஆறுதலாக இருந்தேன். வந்தால் சிரிப்பார், கத்தரிக்காய் கொடுப்பார், எஞ்சினைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அன்றைக்கு வந்தவரிடம் செல்லம்மாவின் சுண்ணாம்புக் கூத்தைச் சொல்லி, "நீங்களும் இருக்கீங்களே முதலாளி, ஒரு நாளாவது இப்படிச் செஞ்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தன் எஞ்சின் பக்கம் போய், ஆயில் தொட்டியின் அடியில் விரலை விட்டுக் காட்டினார். அங்கே அரத்தால் ராவிய ஒரு சின்னக் குழி இருந்தது. எந்த மண்ணெண்ணெயாலும் போகாத குழி.

"பாஸ் நல்ல மனுசன் தானே, அதுக்கு ஒரு புள்ளி மட்டும் போட்டது. கண்டி கராஜுக்கு நான் மூணு போடுறது."

எக்சாமினர் வந்தார்

பட்டாள முகாம்களிலிருந்து எஞ்சின்கள் காணாமல் போவதாக அப்போது ஒரு பேச்சு. திருடின எஞ்சினின் நம்பரை ராவிவிட்டு லொறிக்காரர்களுக்கு விற்கிறார்களாம். அதனால் மோட்டார் எக்சாமினர் கராஜ் கராஜாக வந்து எஞ்சின் நம்பரையும் வண்டிப் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு ஒரு கனமும் இல்லை, ஆனாலும் அவர் குடையை மடக்கிய விதத்தைப் பார்த்து எழுந்து நின்றேன்.

கலேவெலை எஞ்சினில் நம்பர் பளிச்சென்று இருந்தது. புத்தகத்தோடு ஒத்துப்போனது. பெருமாளுடைய எஞ்சினுக்கு வந்தார். நம்பர் அடிக்கிற இடம் பக்கவாட்டில் ஒரு தட்டையான மேடை. விரலால் தடவினார். அம்மிக்கல் மாதிரி வழவழவென்று வெள்ளிப் பெயிண்ட். ஒரு எழுத்தும் இல்லை. "நம்பர் எங்கை?" என்றார். பெருமாள் அப்போதுதான் வந்திருந்தான். அவனுடைய முகம் வெளுத்தது. எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னான்: "நான் கொண்டாந்து வுடும்போது இருந்துச்சுங்க ஐயா."

அந்த நிமிஷம் எனக்கு அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது. துணியைப் பிடுங்கியது நான், எஞ்சினைக் கழற்றியது நான், இப்போது திருடனும் நான். எக்சாமினர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பர் இல்லாவிட்டால் லொறி பறிமுதல், ஆட்கள் பொலிஸுக்கு, அவ்வளவுதான் என்றார். தம்புள்ளைப் பக்கம் வேலை இருக்கிறதாம். குடையை எடுத்துக்கொண்டார்.

"உங்கள் ரெண்டு பேரிலை ஒருத்தன் கள்ளன். நான் பின்னேரம் திரும்பி வாறதுக்குள்ளை, ஆரெண்டு நீங்களே கதைச்சு முடிவெடுத்து வையுங்கோ."

கதைத்து முடிவெடுத்தது

கதைத்தோம். ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்கிற அளவுக்குக் கதைத்தோம். நீ எஞ்சினை மாத்திட்ட என்றான் அவன். நீ திருட்டு எஞ்சினை வாங்கிட்டு வந்து என் தலையில கட்டுற என்றேன் நான். பூசாரி சொன்னது பலிச்சுப்போச்சு, துணிய எடுத்த நேரம் என்றான். அந்தப் பூசாரியைக் கொண்டுவா, அவனையும் பொலிஸில் சேர்த்து அனுப்பலாம் என்றேன். செல்லம்மா நடுவில் நின்று அழுதாள். லொறி போனால் லயத்துக்குப் போகமாட்டேன், ஆற்றுக்குத்தான் போவேன் என்றாள். அதைக் கேட்டதும் சண்டை நின்றது.

பெருமாள் எஞ்சின் பக்கத்தில் குந்தினான். "இது என் எஞ்சினு இல்லேன்னு சொன்னேனே, அது பொய்யி. தோட்டத்துல இருக்கும்போதே வருசா வருசம் ஆயுத பூஜைக்கு இதைக் கழுவி, பெயிண்ட் அடிச்சு, என் கையால சந்தனம் பூசிப் பொட்டு வச்சவன். எனக்குத் தெரியாதா?" என்றான். எந்த இடத்தில் வைப்பாய் என்று கேட்டேன். கரடுமுரடான எஞ்சினில் பொட்டு நிற்கிற மாதிரி தட்டையான இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றான். விரலை நீட்டிக் காட்டினான். எக்சாமினர் தடவிப் பார்த்த அதே மேடை. அடுத்த வருஷம் அந்தப் பொட்டின் மேலேயே பெயிண்ட், அதன் மேலே புதுச் சந்தனம், புதுப் பொட்டு. லொறி தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து இதே பூஜை. எனக்கு விஷயம் விளங்க ஆரம்பித்தது. ஆனால் செல்லம்மாவுக்கு எனக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப நம்பர மறைச்ச திருடன் நீதானாய்யா?"

பூஜைகளைக் கழுவியது

உளி வைத்துச் சுரண்டினால் ஒரு நொடியில் பெயிண்ட் போகும். ஆனால் நம்பர் பக்கத்தில் புதுக் கீறல் ஒன்று விழுந்தாலும், இப்போதுதான் அடித்தார்கள் என்பார் எக்சாமினர். அதனால் வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துணியில் நனைத்துப் போட்டு ஊறவைத்து, தேங்காய்த் தும்பாலும் மூங்கில் சிம்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். வெள்ளி உரிந்தது. கீழே செம்மை. அதற்குக் கீழே மறுபடி வெள்ளி, மறுபடி மஞ்சளும் செம்மையும். சந்தனம் எஞ்சின் சூட்டில் வெந்து ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. பெருமாள் ஒவ்வொரு பூஜையும் உரிய உரியக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மாத்தளையில் ஒரு எஞ்சினுக்கு இவ்வளவு பக்தி இருந்ததை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

அடியிலிருந்து முதல் எழுத்து தெரிந்தது. பெருமாள் வண்டிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான். செல்லம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் நம்பரைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எண்ணில் மட்டும் குங்குமம் கல்லாக அடைத்திருந்தது. மூன்றா எட்டா தெரியவில்லை. எட்டு என்றால் லொறி பெருமாளுக்கு. மூன்று என்றால் சர்க்காருக்கு. அந்த நேரம் பார்த்து வாசலில் குடை தெரிந்தது.

எக்சாமினர் என்னைத் தள்ளிவிட்டுக் குந்தினார். சட்டைப் பையிலிருந்து நெருப்புக் குச்சி ஒன்றை எடுத்து, தானே அந்தக் குங்குமத்தைக் குடைந்தார். ஊதினார். மறுபடி குடைந்தார். எட்டு. அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. சுற்றிவர விரலால் தடவி ஒரு புதுக் கீறலாவது கிடைக்குமா என்று பார்த்தார். எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார்.

"நம்பர் சரியாத்தான் கிடக்கு. இவ்வளவு சரியாக் கிடக்கிறதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

போகும்போது

எஞ்சினைப் பூட்டி, கிளச்சைச் சரிபண்ணி, ஓட்டிக் காட்டி, அவர்கள் புறப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செல்லம்மா முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். ஊர்ப்பக்கம் வந்தா கட்டாயம் சோறு தின்னாமப் போகக்கூடாதுண்ணே என்றாள். எனக்கு அவள் மேல் இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது. பெருமாள் மேல் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவனுக்கும் அது தெரிந்துதான், ஸ்டியரிங்கை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க பாஸ், பொழப்புப் போயிருமோங்கிற பயத்துல சொல்லிட்டேன். ஆனா நீங்க மாத்தல்லன்னு பூசாரிக்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

நானாவின் டீ

லொறி கண்ணுக்கு மறைந்ததும் காசிம் நானாவும் நானும் பலா மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் சோடாவும் தும்புமாகக் கையைப் புண்ணாக்கிக்கொண்ட அன்று, நானா தன் காசில் எனக்கு டீயும் பணிஸ் ரொட்டியும் வாங்கி வந்து வைத்தார். எங்கள் கூட்டு தொடங்கியதிலிருந்து நடந்திராத காரியம். அன்றைய பரபரப்பில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது மனம் லேசாகிவிட்டதால், "ஊரே என்னைத் திருடன்னு பார்த்தப்போ நீங்க ஒருத்தர்தான் நானா டீ வாங்கிக் கொடுத்தீங்க. அத நான் மறக்கமாட்டேன்" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

நானா தாடியைத் தடவினார். நல்ல மனிதர், ஐந்து வேளை தொழுகிறவர், பொய் சொல்லமாட்டார். அதுதான் கஷ்டம். அந்தப் பகல் முழுக்க அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்பதை, ஒளிக்காமல், அன்பாகவே சொன்னார்.

"நம்பர் வெளிய வராட்டி ஒன்னத்தான் காட்டிக் குடுக்கிறண்டு நெனச்சிக்கிட்டு இருந்தேன் தம்பி. எனக்குப் புள்ளகுட்டி ஈக்கிது, நீ தனிக்கட்ட தானே. அதான், ஜெயிலுக்குப் போற புள்ள பசியோட போவ வாணாண்டு ஒரு டீ வாங்கினேன்."

ஆகவே, என்னைப் போல் அடுத்தவன் பொருளில் கை வைத்துப் பிழைக்கிற அன்பர்களே, சந்தேகப்பட்டுப் பக்கத்திலேயே நிற்கிறவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், காரணமில்லாமல் டீ வாங்கி வருகிறவனிடம் மட்டும் குடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.